மைவி பேட்டரியில் கிளம்பிய பாய்மரப் படகு

மலேசியாவின் பங்கோர் தீவின் மேற்குக் கரையில், தெலுக் நிபாவுக்கும் கியாம் தீவுக்கும் நடுவே நங்கூரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். விடியற்காலை நாலு மணி இருக்கும். முதலில் காற்று சுத்தமாக நின்றது. அப்புறம் மேற்கு வானத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை. மலாக்கா நீரிணையில் படகு வைத்திருப்பவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை, சுமத்ரா, மேற்கிலிருந்து திடீரென்று அடிக்கும் புயல்காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எந்த இரவிலும் வரலாம். வந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் மேற்கே திறந்த கரையில் படகை நிறுத்தியிருப்பவனுக்கு முதல் பத்து நிமிடமே போதும், காற்று அவனைக் கடற்கரை மணலில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும்.

நங்கூரம் பிடிக்கிறதா இழுக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் எஞ்சினைத் தயாராக வைத்துக்கொள்வது வழக்கம். சாவியைத் திருப்பினேன். டக். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். டக். பேனல் விளக்கு எரிகிறது, அபாய மணி கத்துகிறது, எஞ்சின் மட்டும் சுற்றவில்லை.

என் கூட்டாளி லூமுட் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முன்பக்கத்தில் சங்கிலியை விட்டுக்கொண்டே, "தம்பி, பேட்டரி செத்துப்போச்சு, நான் அப்பவே சொன்னேன்" என்று கத்தினார். மழை அறைந்தது. நான் எஞ்சினை மறைத்திருக்கும் படிக்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்தேன். பிறகு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஸ்டார்ட்டரின் சொலினாய்டில் (அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்ச்) இருக்கும் பெரிய போல்ட்டையும் பக்கத்துச் சின்ன டெர்மினலையும் சேர்த்துத் தொட்டேன். நீலப்பொறி பறந்தது. எஞ்சின் சோம்பேறித்தனமாக இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

(இதை யாரும் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். கியரில் இருந்தால் படகு பாயும். கை வழுக்கினால் ஸ்க்ரூடிரைவர் ஒட்டிக்கொண்டு பழுத்துவிடும்.)

அன்று நங்கூரம் பிடித்தது, எஞ்சினுக்கு வேலையே வரவில்லை. ஆனால் அந்த ஸ்க்ரூடிரைவர் எனக்கு ஒன்றைச் சொல்லிவிட்டது. பேட்டரி செத்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் வைத்தாலும் சுற்றியிருக்காது. பேட்டரி நன்றாக இருந்திருந்தால் அப்படிச் சோம்பேறித்தனமாகச் சுற்றியிருக்காது. கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது.

படகு 28 அடி, வயது நாற்பதை நெருங்குகிறது. எஞ்சின் யான்மார் 2ஜிஎம்20. இரண்டு சிலிண்டர், 636 சிசி, கடல்நீரில் நேரடியாகக் குளிரும் டீசல். கிளப்பும்முன் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக் கிடையாது, நம் வெயிலுக்குத் தேவையும் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் 1 கிலோவாட். பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்பவர்கள் நம் நீரிணையில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். காற்று ஒன்று இருக்காது, இல்லையென்றால் சுமத்ராவாக வரும். பாதி நாள் எஞ்சினில்தான் ஓட்டம்.

ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு முன்பும் இதே "டக்" வந்தது. அப்போது சித்தியவானில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போய், "இருக்கிறதிலேயே பெரிசா குடுங்க" என்று கேட்டு, லாரிக்குப் போடுகிற அளவில் ஒன்றை வாங்கி வந்தோம். இருபது கிலோவுக்கு மேல். பின் படுக்கைக்கு அடியில், தலை மட்டும் நுழைகிற ஓட்டை வழியாக அதை உள்ளே இறக்கியதில் என் இடுப்பு மூன்று நாள் பேசியது. எஞ்சின் உடனே கிளம்பியது. பெரிய பேட்டரியின் மகிமை என்று நினைத்தோம். இப்போது யோசித்தால், பேட்டரியை மாற்றும்போது டெர்மினலை எல்லாம் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தோமே, குணப்படுத்தியது அதுவாகத்தான் இருக்கும்.

நான் ஒரு செம்பனை ஆலையில் சார்ஜ்மேன், மின்சார வேலைக்குப் பொறுப்பானவன். ஆலையில் ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால் மீட்டர் வைக்காமல் மோட்டாரை மாற்ற மாட்டேன். சொந்தப் படகில் மட்டும் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. இந்த முறை மீட்டரோடு போனேன்.

அளந்து பார்த்தது

ஒரு சின்ன விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயரிங்காரர்கள் கையில் இருக்கிற கிளாம்ப் மீட்டர் பலவும் ஏசி மட்டும்தான் அளக்கும். பேட்டரி டிசி. டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் வேண்டும், உச்சத்தைப் பிடித்து வைக்கும் பொத்தானும் இருந்தால் நல்லது. என்னிடம் ஆலை மீட்டர் இருந்தது.

எஞ்சின் பிடித்துக்கொள்ளாமல் சும்மா சுற்ற வேண்டும் என்பதால் நிறுத்தும் கேபிளை இழுத்துக் கட்டினேன், டீசல் போகாது. கூடவே கடல்நீர் வால்வை மூடினேன். இது முக்கியம். இந்த எஞ்சின்களில் குளிர்விக்கும் நீர் புகைக்குழாயில் கலந்து, கீழே இருக்கும் நீர் சைலன்சரில் தேங்கும். எஞ்சின் ஓடும்போது புகையின் அழுத்தம் அதை வெளியே தள்ளிவிடும். எஞ்சின் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பம்பு நீரை ஏற்றிக்கொண்டே இருக்கும், தள்ளப் புகை இருக்காது. சைலன்சர் நிரம்பி நீர் பின்வழியாகச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். பேட்டரியைச் சோதிக்கப் போய் எஞ்சினைக் கழற்றி வைத்தவர்கள் உண்டு.

கூட்டாளி சாவியைத் திருப்ப, நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அளந்தேன். பத்துத் தடவை திருப்பினால் நான்கு தடவை "டக்", ஆறு தடவை சுற்றியது. சுற்றிய தடவைகளில் கிடைத்த எண்கள் இவை. ஓய்வில் பேட்டரி 12.4 வோல்ட். நிறைய சார்ஜ் ஆன ஈயப் பேட்டரி 12.7க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், ஆக கொஞ்சம் களைப்புதான். சுற்றும்போது பேட்டரி முனையில் 10.4. அதே நேரத்தில் ஸ்டார்ட்டரின் முனையில் 8.9. ஓட்டம் சுமார் 150 ஆம்பியர்.

அந்த 10.4க்கும் 8.9க்கும் நடுவில் காணாமல்போன ஒன்றரை வோல்ட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தேன். பேட்டரி கொடுக்கிறது, வழியில் யாரோ தின்றுவிடுகிறார்கள்.

யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுள்ளை ஸ்டார்ட்டரின் பிளஸ்ஸில் வைத்துவிட்டு எஞ்சினைச் சுற்றினால், அந்த வழியில் இழந்தது நேரடியாகத் தெரியும். பிளஸ் பக்கம் 0.9 வோல்ட். அதில் பழைய சிவப்பு ரோட்டரி சுவிட்ச் மட்டும் 0.3. மைனஸ் பக்கம் 0.6. அதில் பாதிக்கு மேல் எஞ்சின் உடம்பில் மைனஸ் கேபிள் சேரும் போல்ட்டில். அதன் மேல் மூன்று அடுக்குப் பெயின்ட், அடியில் பச்சைப்பொடி. கேபிள் 25 சதுர மில்லிமீட்டர், போக வர 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அது மட்டுமே அரை வோல்ட்டுக்கு மேல் தின்னும். பேட்டரி பின் படுக்கைக்கு அடியிலும் எஞ்சின் படிக்கட்டுக்குப் பின்னாலும் இருந்தால் அப்படித்தான்.

அடுத்து அந்த "டக்". சொலினாய்டின் சின்னக் கம்பியில் மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பினால் 7.6 வோல்ட். பேட்டரியிலிருந்து கிளம்பி, எஞ்சின் வழியாகக் காக்பிட்டில் இருக்கும் சாவிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வரும் நீள வயர். நடுவில் எங்களுக்கு முந்தைய யாரோ நீட்டி ஒட்டிய இரண்டு இணைப்பு, உப்புப் பூத்த ஒரு பிளக். சொலினாய்டு பாவம், பாதிச் சாப்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. முழுதாக இழுக்க முடிந்தால் எஞ்சின் சுற்றும், முடியாதபோது டக்.

சின்னது போதுமா?

இங்கேதான் எனக்குச் சிறிய பேட்டரி பற்றிய ஆசை வந்தது. கேபிளைக் குட்டையாக்க வேண்டுமானால் பேட்டரியை எஞ்சின் பக்கத்தில் வைக்க வேண்டும். படிக்கட்டுக்குப் பின்னால், எஞ்சின் தாங்கிக் கட்டைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு திண்டு இருக்கிறது. நீளம் 230, அகலம் 105, உயரம் 240 மில்லிமீட்டர். ஒரு பெரிய பிஸ்கட் டின் உட்காரும், லாரி பேட்டரி உட்காராது.

கூட்டாளியிடம் சொன்னபோது சிரித்தார். "நூறு ஆம்பியர்-மணியே திணறுது. நீ பதினஞ்சு இருபதுல சுத்த வைக்கப்போறியா?"

"அண்ணே, ஆம்பியர்-மணின்னா தண்ணித் தொட்டி அளவு. நமக்கு வேணுங்கறது குழாய் அளவு."

கணக்கு இதுதான். கொஞ்சம் கூட்டியே 170 ஆம்பியர் வீதம் மூன்று விநாடி சுற்றினால் 510 ஆம்பியர்-விநாடி. ஒரு மணிக்கு 3,600 விநாடி. வகுத்தால் 0.14 ஆம்பியர்-மணி. நூறு ஆம்பியர்-மணிப் பேட்டரியில் ஒரு தடவை எஞ்சினைக் கிளப்ப ஆகும் செலவு அவ்வளவுதான். எஞ்சினோடு சுற்றிச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் அதை ஒரு நிமிடத்துக்குள் திருப்பிப் போட்டுவிடும். படகுக்குள் விளக்கும் ஃப்ரிட்ஜும் ஓடுகிற 'வீட்டுப் பேட்டரி'க்குத்தான் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்புகிற பேட்டரிக்குத் தேவை, கேட்ட நொடியில் நூற்றைம்பது இருநூறு ஆம்பியரை வோல்ட் இறங்காமல் தருவது.

அதைச் சொல்லும் எண் சிசிஏ. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி, மைனஸ் 18 டிகிரி குளிரில், 30 விநாடி முழுக்க, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பது. மைனஸ் 18 டிகிரியை நாங்கள் ஆலையின் ஐஸ் பெட்டியில்கூடப் பார்த்ததில்லை. கடல்நீரே 29, 30 டிகிரி இருக்கும் ஊரில் அதே பேட்டரி சிசிஏவைவிடத் தாராளமாகத் தரும், எஞ்சின் எண்ணெயும் இளகியே இருக்கும். டீசலுக்கு ஒரு கன அங்குலத்துக்கு 2 சிசிஏ என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. 636 சிசி என்பது 39 கன அங்குலம், ஆக 80 சிசிஏ. இதை அப்படியே நம்பிப் போக மாட்டேன், இரட்டிப்பாவது வேண்டும். எஞ்சின் கையேட்டில் பெரிய பேட்டரிதான் போட்டிருக்கும். அது குளிர்நாட்டுக்காரனையும் மனதில் வைத்து எழுதியது.

கணக்கு காகிதத்தில் சரி. கூட்டாளிக்கு நேரில் காட்ட வேண்டுமே. ஒரு சனிக்கிழமை காலை வீட்டிலிருந்த மைவி காரின் பேட்டரியைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு லூமுட்டுக்குப் போனேன் (மோட்டார் சைக்கிளில்தான், வேறு வழி?). மைவிக்குப் போடுவது என்எஸ்40இசட்எல் என்கிற சின்ன அளவு, 35 ஆம்பியர்-மணி. படகு மிதவைப் பலகை ஓரமாகக் கட்டியிருந்தது. பேட்டரியை எஞ்சின் பக்கத்தில் வைத்து, ஆலையிலிருந்து கொண்டுபோன இரண்டு தடித்த கேபிளால் நேராக ஸ்டார்ட்டரிலும் எஞ்சின் உடம்பிலும் பிடித்தேன். சொலினாய்டுக்கும் தனியாக ஒரு கம்பியும் பொத்தானும்.

பொத்தானை அமுக்கியதும் எஞ்சின் சுற்றிய சத்தமே வேறு. முன்பு "உர்... உர்... உர்" என்று முக்கியது, இப்போது "ருருரு" என்று ஓடியது. முதல் நொடி உச்சம் 390 ஆம்பியர், பிறகு 170இல் நின்றது. பேட்டரி முனையில் 10.9, ஸ்டார்ட்டரில் 10.6. கூட்டாளி மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காருக்குள்ள இருந்ததா இது?" என்று மட்டும் கேட்டார்.

அதே நேரத்தில் வீட்டில் என் மனைவி சந்தைக்குப் போகக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பியிருக்கிறார். அந்தப் பக்கம் டக் கூட வரவில்லை. போனில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத வேண்டாம்.

எது உட்கார்ந்தது, எது உட்காரவில்லை

மைவி பேட்டரியே போதும் என்று தெரிந்துவிட்டது. விலையும் மலிவு, எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். இடம் இருந்தால் அதையே போட்டிருப்பேன், இதைப் படிக்கிறவர்களுக்கு இடம் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது ஜப்பான் அளவில் பி20. பி என்றால் 129 மில்லிமீட்டர் அகலம். 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். பேட்டரியின் மேல் 36பி20எல் என்றோ 46பி24எல் என்றோ அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் திறன், எழுத்து அகல உயரம், அடுத்த எண் நீளம், கடைசி எழுத்து டெர்மினல் இருக்கும் பக்கம். இதைத் தெரிந்துகொண்டால் கடைக்குப் போகாமலே பாதி முடிவெடுத்துவிடலாம். என் திண்டு 105. 129 நுழையாது. தவிர சாதாரண அமிலப் பேட்டரியை, இருபது இருபத்தைந்து டிகிரி சாயும் படகில், சூடான எஞ்சின் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சுருள் தகடு ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கும் ஈயப் பேட்டரி) ஒன்று, ஆறு குழாய் சேர்த்துக் கட்டியதுபோல் இருக்குமே, அது நல்ல பேட்டரி. ஆனால் 17 கிலோ, அகலம் 175. அடுத்து.

லித்தியம் மோட்டார் சைக்கிள் பேட்டரியைக் கூட்டாளியின் மகன் சிபாரிசு செய்தான். உள்ளங்கையில் தூக்கலாம், ஆம்பியரும் தரும். இரண்டு நாள் எனக்கும் சபலம்தான். விட்டுவிட்டதற்கு முக்கியக் காரணம் எடையோ விலையோ அல்ல. எங்கள் படகில் எஞ்சின் பேட்டரியையும் வீட்டுப் பேட்டரியையும் ஒரு வோல்ட்டேஜ் ரிலே சேர்த்துப் பிரிக்கிறது. வோல்ட் 13.3ஐத் தாண்டினால் 'சார்ஜ் ஆகிறது' என்று நினைத்து இரண்டையும் இணைக்கும், 12.8க்குக் கீழே இறங்கினால் பிரிக்கும். ஈயப் பேட்டரிக்கு இது சரி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட்டில் நிற்கும். எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று ரிலேவுக்குத் தெரியாது, பிடித்த பிடியை விடாது. இரவெல்லாம் ஃப்ரிட்ஜ் அந்தச் சின்ன லித்தியத்தை உறிஞ்சும். போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்கிற பாதுகாப்பு மின்சுற்று ஏதோ காரணத்தால் எஞ்சின் ஓடும்போது சட்டென்று துண்டித்தால், ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு கணம் எகிறி அதன் டயோடு போய்விடும். டிசி-டிசி சார்ஜர் எல்லாம் போட்டுப் புதிதாக வயரிங் செய்பவர்களுக்கு இது பிரச்சினை அல்ல. நான் அந்த வேலைக்குக் கிளம்பவில்லை.

கடைசியில் நின்றது ஒடிசி பிசி680. வீட்டுக் கொட்டகையில் சின்ன விமானம் கட்டுகிறவர்கள் அதில் போடும் ஏஜிஎம் பேட்டரி இது. நீளம் 185, அகலம் 79, உயரம் 192 மில்லிமீட்டர், எடை 7 கிலோ. 16 ஆம்பியர்-மணி. சிசிஏ 170. பெட்டியில் 520 என்று பெரிதாக ஒரு எண் இருக்கும், அது 5 விநாடிக்கான கணக்கு, சிசிஏ என்று நினைத்து ஏமாறக்கூடாது. எங்கள் கைக்கணக்கான 80க்கு 170 இரட்டிப்பு. சாய்ந்தாலும் சிந்தாது. உள்தடை 7 மில்லியோம், அதாவது நான் கேட்ட அந்தத் தடித்த குழாய்.

விலைதான் வயிற்றைப் பிசைந்தது. மைவி பேட்டரியைப் போல நான்கு மடங்கு கொடுத்தேன். கூட்டாளி தன் பாதியைக் கொடுக்கும்போது பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "கிலோ என்ன விலை தம்பி?" என்றார்.

பொருத்தியது

12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் ஒரு தட்டு செய்து, எப்பாக்சியும் கண்ணாடி இழைத் துணியும் போட்டுத் திண்டில் ஒட்டினேன். எஞ்சின் பக்கம் ஒரு தடுப்புப் பலகை, அதன் மேல் அலுமினியத் தாள். இரண்டு மணி நேரம் எஞ்சினில் ஓடிவிட்டு அங்கே வெப்பமானி வைத்தபோது 47 டிகிரி காட்டிய இடம் அது. ஈயப் பேட்டரியின் ஆயுளை வெப்பம்தான் தின்னும், 25க்கு மேல் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதி. தடுப்பும் கீழே காற்றுத் துளையும் போட்ட பிறகு 39.

கட்டும் பட்டைக்கு அமெரிக்கப் படகு விதி ஒன்றை எடுத்துக்கொண்டேன். 90 பவுண்டு விசை அல்லது பேட்டரி எடையின் இரு மடங்கு, இரண்டில் எது குறைவோ அதில் ஒரு நிமிடம் இழுத்தால், எந்தப் பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. ஏழு கிலோவுக்கு இரு மடங்கு 14. மீன்காரரிடம் தொங்குதராசு கடன் வாங்கிக் கொக்கியை மாட்டி, ஒவ்வொரு பக்கமும் முள் 14இல் நிற்கும்வரை இழுத்தேன். முதல் பட்டை நீண்டுகொடுத்தது. ராட்செட் பட்டையை மாற்றியதும் அசையவில்லை. தராசைத் திருப்பிக் கொடுக்கும்போது எத்தனை கிலோ மீன் பிடித்தீர்கள் என்று கேட்டார்.

கேபிள் 35 சதுர மில்லிமீட்டர். ஆலையில் வெல்டிங் கேபிள் துண்டு சும்மா கிடக்கும், வளைவதற்கும் மெத்தென்று இருக்கும். ஆனால் அது வெறும் செம்பு. கடல்காற்றில் இரண்டு வருடத்தில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும். வெள்ளீயம் பூசியதைக் காசு கொடுத்து வாங்கினேன். பிளஸ் 70 சென்டிமீட்டர், மைனஸ் 60. ஐந்து மீட்டருக்கு மேல் இருந்தது இப்போது 1.3 மீட்டர். கேபிள் முனையில் மாட்டும் லக்குகளை ஆலையின் ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அமுக்கி, பசை உள்ள சுருங்குகுழாய் போட்டு மூடினேன். தடுமாறிய இடம் ஒன்றுதான். இந்தப் பேட்டரியின் டெர்மினலில் எம்6 போல்ட். 35 கேபிளுக்கான லக்குகள் கடையில் எல்லாம் எம்8, எம்10 ஓட்டையோடுதான் கிடைத்தன. பெரிய ஓட்டையில் சின்ன போல்ட்டைப் போட்டு வாஷரால் சமாளித்தால் தொடும் பரப்பு குறைந்து, மறுபடி அங்கே ஒரு திருடன் உட்கார்ந்துவிடுவான். எம்6 லக் ஈப்போவில்தான் கிடைத்தது, அதற்காக ஒரு வாரம் போயிற்று.

எஞ்சின் உடம்பின் மைனஸ் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து மாட்டினேன். மேலே கிரீஸ்.

சாவி வயருக்கு ஒரு கார் ரிலே. பழைய வயர் இனிமேல் சொலினாய்டை இழுக்க வேண்டாம், ரிலேவை மட்டும் சொடுக்கினால் போதும். அதற்கு மின்சாரம் மிகக் கொஞ்சம்தான் தேவை. சொலினாய்டுக்கான மின்சாரம் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டிலிருந்தே, 40 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 20 சென்டிமீட்டர் கம்பியில் போகிறது. ரிலே, ஃபியூஸ், கம்பி எல்லாம் சேர்த்து முப்பது ரிங்கிட் ஆகவில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்த முப்பது ரிங்கிட் ரிலேவையும் அந்தப் பெயின்ட் சுரண்டலையும் முதலில் செய்திருந்தால், பழைய லாரி பேட்டரியோடே இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருக்கலாம். கூட்டாளியிடம் இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அவர் பெரிய மனது பண்ணி ஒன்றும் சொல்லவில்லை, இப்போது எந்தப் பொருள் கெட்டாலும் "முப்பது வெள்ளியில முடியுமா பாரு தம்பி" என்கிறார்.

சின்னதோடு வாழ்வது

தொட்டி சின்னது என்பதை மறக்கக்கூடாது. எஞ்சின் பேனலைச் சாவி போட்டபடி விட்டால் மீட்டர்களும் விளக்கும் மணியும் சேர்ந்து 0.7 ஆம்பியர் எடுப்பதை அளந்தேன். பெரிய பேட்டரியில் ஒரு ராத்திரி அப்படிப் போனால் தெரியாது. இதில் ஒரு நாளுக்குள் காலி. அதனால் இந்தப் பேட்டரியில் ஸ்டார்ட்டரையும் பேனலையும் தவிர வேறு எதையும் மாட்டவில்லை, கிளம்பும்போது சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்குகிறோம். வீட்டுப் பேட்டரியிலிருந்து அவசரத்துக்கு இழுத்துக்கொள்ள ஒரு இணைப்புச் சுவிட்சும் உண்டு. இதுவரை அதைத் தொட்டதில்லை.

ஆல்டர்னேட்டர் 14.4 வோல்ட் தருகிறது, இந்த ஏஜிஎம்முக்கு அது பிடிக்கும். சோலார் சார்ஜரின் மிதவை வோல்ட்டை (பேட்டரி நிறைந்த பிறகு அப்படியே வைத்திருக்கும் வோல்ட்) மட்டும் 13.5ஆக இறக்கி வைத்தேன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 24 மில்லிவோல்ட் குறைக்கச் சொல்வார்கள், நம் ஊரில் அது கால் வோல்ட் வரும்.

ஒரு தப்பும் நடந்தது. புதிய பேட்டரியைச் சோதிக்க வால்வை மூடி ஐந்து விநாடி வீதம் ஆறு தடவை சுற்றிப் பார்த்தேன். முனையில் 11.1, ஸ்டார்ட்டரில் 10.8, கைதட்டல். அந்தச் சந்தோஷத்தில் நிறுத்தும் கேபிளை அவிழ்த்து எஞ்சினைக் கிளப்பினேன். பொத்தென்று பிடித்தது. காது கேட்காத அளவுக்கு எங்களைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது கூட்டாளி பின்னால் எட்டிப் பார்த்து, "தம்பி, தண்ணியைக் காணோமே" என்றார். புகைக்குழாயிலிருந்து வறண்ட வெள்ளைப் புகை. கடல்நீர் வால்வை நான் திறக்கவே இல்லை. ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திவிட்டோம், இருந்தும் பம்பின் ரப்பர் இம்பெல்லரில் இரண்டு இதழ் முறிந்துவிட்டது. முறிந்த துண்டுகளைக் குழாய்க்குள் தேடிப் பிடிக்க ஒரு மதியம் போனது. இப்போது வால்வை மூடினால் எஞ்சின் சாவியை அதன் கைப்பிடியில் மாட்டிவிடுகிறேன். சாவியை எடுக்க வேண்டுமானால் வால்வைத் தொட்டாக வேண்டும்.

எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் பார்த்தபோது ஓய்வில் 12.84 வோல்ட், சுற்றும்போது முனையில் 11.0. எஞ்சின் அறையின் மூடிக்கு உள்பக்கம் ஒரு காகிதத்தில் மாதாமாதம் இந்த இரண்டு எண்களையும் பென்சிலால் எழுதி வைக்கிறேன். முனை வோல்ட் இறங்கினால் பேட்டரி, முனைக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் இடைவெளி கூடினால் கேபிள்.

லாரி பேட்டரி இருந்த இடத்தில் இப்போது அரிசி டப்பாவும் நங்கூரத்துக்கான உபரிக் கயிறும் இருக்கின்றன. அந்த பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக் கூட்டாளி தன் கோழிக்கூண்டு விளக்குக்கு மாட்டிக்கொண்டார். சாவி பேனலுக்குப் போகும் பழைய வயரை மட்டும் இன்னும் மாற்றவில்லை. அடுத்த தடவை படகைக் கரையேற்றும்போது பார்க்க வேண்டும்.